வழிகாட்டி நூலும் மூவர் பயணமும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



தண்டவாளம் ஒரு முழங்கூட இல்லாத தீவில், இரயில்வே குமாஸ்தா ஒருவனைப் பேச அழைத்திருக்கிறீர்கள். எனக்கு இவ்வூரில் உள்ள உரிமை ஒன்றே ஒன்றுதான்: என் தமக்கையார் வாழ்க்கைப்பட்ட ஊர் இது. பெரார்கஞ்சின் மைத்துனன் என்ற முறையில் என் பிழைகளைப் பொறுத்தருள்வீர்கள் என்று நம்புகிறேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். சென்னையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கால அட்டவணையும் கட்டணப் பட்டியலுமே எனக்கு இலக்கியமும் இலக்கணமும். ஆகவே, வழிகாட்டி நூல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு எவர் துணையுமின்றிப் பாரிசு நகரத்திற்கு மூவர் போய் வந்த கதையையே இன்று சொல்லப் போகிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அத்தான் 2023இல் பணி ஓய்வு பெற்றார். வருங்கால வைப்பு நிதிப் பணம் கைக்கு வந்தது. சிறுமியாய் இருந்தபோது நாட்காட்டிப் படமொன்றில் ஐபெல் கோபுரத்தைக் கண்ட நாள்முதலாய் அக்காவுக்கு அதன்மேல் ஓர் ஆசை. பத்து நாளில் ஏழு நாடுகள் என்று விளம்பரம் செய்திருந்த முகவர் ஒருவரிடம் அறுபதாயிரம் ரூபாய் முன்பணம் கட்டினார்கள். அவர் இணைத்த விடுதிப் பதிவுச் சீட்டுகள் மெய்யானவை அல்ல. விசா மறுக்கப்பட்டது, பணமும் திரும்பவில்லை. பணம் போனதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். “நமக்கேனடா தம்பி இந்த ஆசையெல்லாம்?” என்று அக்கா கேட்ட கேள்விதான் இரவில் என்னை உறங்கவிடவில்லை.

மறுவாரமே சென்ட்ரல் நிலையத்தருகே மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடையில் பாரிசு வழிகாட்டி ஒன்றை நூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கினேன். 2017ஆம் ஆண்டுப் பதிப்பு. மலிவாய்க் கிடைத்ததே என்று மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சிக்கு என்ன விலை கொடுத்தேன் என்பதைப் பின்னர்க் கூறுகிறேன்.

இத்தகைய நூல்கள் இரயிலோடு கூடவே வளர்ந்தவை என்பதை அறிந்தபோது எனக்குச் சற்றுப் பெருமையாகவே இருந்தது. ஆங்கில நாட்டில் ஜான் மர்ரே 1836இல் தம் கையேட்டை வெளியிட்டார். ஜெர்மனியில் கோப்ளென்சு நகரத்துக் கார்ல் பெடெக்கர் அதே காலத்தில் தொடங்கிப் பின்னர்ச் சிறந்த இடங்களுக்கு விண்மீன் குறியிடும் வழக்கத்தைப் பரப்பினார். பிராட்ஷா இரயில் அட்டவணை வெளிவந்தது 1839இல். கூலி வழிகாட்டிகளுக்கும் விடுதிக்காரர்களுக்கும் பயணி அடிமைப்படாதிருக்க வேண்டும் என்பதே பெடெக்கரின் நோக்கமாயிருந்தது. நமக்கு வேண்டியதும் அதுதானே? ஏ. கே. செட்டியார் போன்ற தமிழர் உலகைச் சுற்றிய நாளில், கைப்பேசி ஏது, கணினி ஏது?

இப்போது முறைக்கு வருகிறேன். எல்லோரும் வழிகாட்டி நூலின் முதற்பக்கத்து வண்ணப் படங்களைப் பார்த்து மயங்குகிறார்கள். நான் கடைசிப் பக்கங்களிலிருந்து தொடங்கினேன். எந்தக் காட்சிச்சாலைக்கு எந்நாள் விடுமுறை, எவ்வூர்தி எங்குப் போகும், எது எத்தனை மணிக்கு மூடும் என்பன யாவும் அங்கேதான் சிறு எழுத்தில் இருக்கின்றன. ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வண்டிகள் அணியாகப் புறப்படும் நேரம் தவறினால் என்ன பாடு என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்த நேரம் அறிந்து வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர்கள் நீங்கள். பாரிசுக்குத் திட்டமிடும் திறமையில் பாதி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

அடுத்தது நிலப்படம். பாரிசு நகரம் 1860முதல் இருபது வட்டாரங்களாகப் பிரிந்துள்ளது. நடுவே முதல் வட்டாரம். அங்கிருந்து வலமாகச் சுற்றிச் சுற்றி வெளியே விரிந்து இருபதில் முடிகிறது. அந்நாட்டார் அதை நத்தை ஓடு என்கிறார்கள். சங்கு கிடக்கும் கடற்கரையில் வாழும் நமக்குச் சங்கு என்று சொன்னால் எளிதில் பதியும். ஒரு நாளைக்கு ஒரு பகுதி என்று பென்சிலால் வட்டமிட்டுக்கொண்டேன். ஒரே நாளில் நகரின் கிழக்கும் மேற்கும் ஓடுகிற பயணிகளைப் பின்னர் அங்கே கண்டு இரங்கினேன்.

தங்குமிடத்தை வடக்கு இரயில் நிலையமாகிய கார் து நோர் அருகே தேர்ந்தெடுத்தோம். அப்பகுதியில் பணப்பையைக் கவனித்துக்கொள்ளுமாறு நூல் எச்சரித்தது. எச்சரிக்கை சரியே. ஆனால் விமான நிலையத்திலிருந்து இரயில் மாறாமல் வந்து இறங்கலாம் என்பதையும் அதே நூல் சொல்லியது; பக்கத்தில் உள்ள லா ஷப்பேல் பகுதி ஈழத் தமிழர் கடைத்தெரு என்பதையும் சொல்லியது. அங்கே இட்டலியும் இடியாப்பமும் கிடைக்கும். 1985இல் தோன்றிய மாணிக்க விநாயகர் ஆலயம் இருக்கிறது. எங்கள் அத்தானுக்கு மூன்று வேளையும் ரொட்டி ஒத்துவராது என்பது எந்த ஐரோப்பிய நூலாசிரியருக்குத் தெரியும்?

விசாவுக்கு அந்தத் தினசரித் திட்டமே பெருந்துணையாயிற்று. நாள்வாரியாக எங்குத் தங்குவோம், என்ன பார்ப்போம் என்று இரண்டு பக்கம் எழுதினோம். மெய்யான விடுதிப் பதிவு, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு, ஓய்வூதிய ஆணை ஆகியவற்றை இணைத்தோம். முன்பு ஒருமுறை மறுக்கப்பட்டதையும், அதன் காரணத்தையும் மறைக்காமல் எழுதினோம். ஆளுக்கு 90 யூரோ கட்டணம். சென்னையில் கைரேகை கொடுத்துவிட்டுக் காத்திருந்த நாட்களில் அக்கா என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை. கடவுச்சீட்டுகள் திரும்பி வந்த மாலையில், பிரித்துப் பார்க்கும்படி அவரிடமே உறையைக் கொடுத்தேன். அன்று சமையல் அத்தானுடையது.

2025 மே மாதத் தொடக்கத்தில் போய்ச் சேர்ந்தோம். மலிவுப் பதிப்பின் குறைகள் அன்றே தலைகாட்டின. மெட்ரோவில் பத்துச் சீட்டுக் கட்டாக வாங்குக என்றது நூல்; அந்தக் காகிதக் கட்டு வழக்கொழிந்து, பணம் ஏற்றும் அட்டை வந்திருந்தது. அப்போது ஒரு சீட்டு 2.50 யூரோவாகவும், விமான நிலையத்திற்கு 13 யூரோவாகவும் இருந்தது. நோத்ர தாம் பேராலயத்தின் கோபுரத்தில் ஏறி நகரைக் காண்க என்றது நூல். அந்நூல் அச்சான பின்னர் 2019 ஏப்ரல் 15இல் ஆலயம் தீக்கிரையாகி, 2024 டிசம்பரில்தான் மீண்டும் திறக்கப்பட்டிருந்தது. கோபுரத்திற்கு அப்போது வழியில்லை. கற்கள் பழையனவாயினும் கட்டணமும் கதவும் ஆண்டுதோறும் மாறும். லூவர் காட்சிச்சாலைக்கு நாங்கள் கொடுத்தது 22 யூரோ. 2026 ஜனவரிமுதல் ஐரோப்பியர் அல்லாதாருக்கு 32 யூரோ ஆகிவிட்டது.

என் சொந்தப் பிழையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். லூவர் திங்களன்று என்று திட்டத்தில் எழுதியிருந்தேன். திங்கள் காலை அக்காவுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. பதினைந்து நிமிட நடை என்று நூல் குறித்த இடங்கள் யாவும் எங்களுக்கு அரைமணி நேர நடையாயின. மெட்ரோப் படிகளைப் பற்றி அது வாயே திறக்கவில்லை. சரி, நாளைக்குப் போகலாம் என்று மாற்றினேன். செவ்வாயன்று கண்ணாடிக் கூம்பின் முன்னே போய் நின்றால், முற்றத்தில் கூட்டமே இல்லை. கதவில் எழுதியிருந்த சொல்லை நூலின் சொற்பட்டியலில் தேடினேன். மூடப்பட்டது என்று பொருள். செவ்வாய்க்கிழமை லூவருக்கு விடுமுறை என்பதை மூன்று மாதத்திற்கு முன் நானே அடிக்கோடிட்டிருந்தேன்! அட்டவணையைப் பார்க்காமல் வண்டியை மாற்றிவிட்ட நிலையத் தலைவன்போல் நின்றேன். அத்தான் ஒன்றும் சொல்லவில்லை; அதுதான் எனக்கு வலித்தது.

அப்போதும் கைகொடுத்தது அதே கடைசிப் பக்கமே. ஆற்றின் மறுகரையில் உள்ள ஓர்சே காட்சிச்சாலைக்குத் திங்கள்தான் விடுமுறை, செவ்வாயில் திறந்திருக்கும். மெதுவாகப் பாலத்தைக் கடந்தோம். உள்ளே நுழைந்ததும் நான் மெய்ம்மறந்தேன். அஃது ஓர் இரயில் நிலையம்! 1900ஆம் ஆண்டுப் பொருட்காட்சிக்காகக் கட்டினார்கள். வண்டிகள் நீண்டுகொண்டே போக, நடைமேடை நீளம் போதாமல் 1939 அளவில் நெடுந்தூர வண்டிகள் நின்றுபோயின. 1986இல் காட்சிச்சாலை ஆயிற்று. எல்லோரும் ஓவியங்களைப் பார்த்தார்கள். நான் கூரையையும் பெரிய கடிகாரத்தையும் பார்த்தேன். அக்கா ஒரு பலகையில் அமர்ந்து, “உன் ஆபீசுக்கே வந்துவிட்டாயடா” என்று சிரித்தார். லூவரைப் புதன் மாலை பார்த்தோம். அன்று இரவு ஒன்பது வரை திறந்திருக்கும்.

விண்மீன் குறிகளைப் பற்றி ஒரு சொல். கிமே காட்சிச்சாலைக்கு எங்கள் நூல் அரைப் பத்தியே ஒதுக்கியிருந்தது. விண்மீன் ஒன்றுகூட இல்லை. மாதத்தின் முதல் ஞாயிறு கட்டணமில்லை என்ற குறிப்பைக் கண்டே, வந்த மறுநாள் சென்றோம். அங்கே தமிழகத்திலிருந்து போன சோழர் காலத்து நடராசத் திருமேனி நிற்கிறது. அக்கா செருப்பைக் கழற்றப் பார்த்தார், நான் தடுத்தேன். பின்னர் அதன் எதிரே ஏறத்தாழ ஒரு மணி நேரம் இருந்தார். விளக்கும் இல்லை, பூவும் இல்லை, கண்ணாடிக் கதவின் வெளிச்சம் மட்டுமே இருந்தது. ஐபெல் கோபுரத்தை அன்று மாலையே பார்த்தோம். 330 மீட்டர் உயரம், மின்தூக்கியில் ஏறினோம். கீழே இறங்கியதும் அக்கா கேட்டது: “அந்த நடராசரை இன்னொரு தடவை பார்க்க முடியுமா?” மறுபடி போனோம், இம்முறை கட்டணம் கொடுத்து. என் திட்டத்தில் இல்லாத அந்த ஒரு பயணத்துக்கு நான் சிறிதும் வருந்தவில்லை.

மொழியைப் பற்றி அஞ்சுவோர் உண்டு. கடைக்குள் நுழைந்ததும் முதலில் ‘பொன்ழூர்’ என்று வணக்கம் சொல்லிவிட்டுப் பின்னர் வேண்டியதைக் கேட்க வேண்டும் என்று நூலில் ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்கே நான் கொடுத்த நூற்றைம்பது ரூபாய் தகும்.

அந்நூலைச் சங்கப் படிப்பகத்திற்கு இன்று அளிக்கிறேன். 2025 மே மாதத்தில் நான் கண்ட மாற்றங்களைப் பக்க ஓரங்களில் பென்சிலால் எழுதியுள்ளேன். போக நினைப்பவர்கள் கட்டணங்களையும் நேரங்களையும் புறப்படுமுன் மீண்டும் சரிபார்த்துக்கொள்க. எங்கள் விசா மனுவோடு இணைத்த இரண்டு பக்கத் திட்டத்தின் படியும் உள்ளே இருக்கிறது. லூவர் பக்கத்தில் ‘செவ்வாய்’ என்னும் சொல்லைச் சிவப்பு மையால் இருமுறை அடிக்கோடிட்டிருக்கிறேன்.