பாரிஸில் வந்திறங்கும் பிரயாணிக்கு

1974-இல் திறக்கப்பட்ட சார்ல்ஸ் தெ கோல் விமான நிலையம் பாரிஸ் நகரின் மத்தியிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தள்ளி, ருவாஸி என்னும் ஊரருகே அமைந்திருப்பதால், இரவெல்லாம் ஆகாயத்தில் கழித்துவிட்டுக் கனத்த பெட்டிகளோடு வந்திறங்கும் பிரயாணி, ஹோட்டலுக்குச் செல்லும் வாகனத்தைப் புறப்படுமுன்பே ஏற்பாடு செய்துகொள்வது பெரிய சௌகரியந்தான். முன்பதிவின்போதே விமானத்தின் எண்ணையும் தெரிவித்துவிட்டால், அது தாமதமாக வந்தாலும் சாரதி அதனை அறிந்து, வருகைக் கூடத்தில் நம் பெயர் எழுதிய அட்டையுடன் நிற்பார். இலவசமாக எவ்வளவு நேரம் காத்திருப்பார் என்பதை மட்டும் முன்னதாகக் கேட்டு வைத்துக்கொள்வது அவசியம், ஏனெனில் பாஸ்போர்ட் வரிசை யாருக்காகவும் விரைந்து நகர்வதில்லை.

ஆனால் கட்டணத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்புக்கொள்ளலாகாது. அங்கே சாதாரண டாக்ஸிகளுக்கே 2016 முதல் நிலையான கட்டணம் விதிக்கப்பட்டிருக்கிறது: ஸேன் நதியின் வலக்கரைக்கு ஒரு தொகை, இடக்கரைக்குச் சற்றே அதிகம். அத்தொகையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே முன்பணம் செலுத்துவது விவேகம். கூடத்திற்குள்ளேயே அருகில் வந்து, ‘டாக்ஸி வேண்டுமா?’ என்று குழைவாக விசாரிக்கும் ஆசாமிகளை — அவ்விதம் ஆள் பிடிப்பது அந்நாட்டில் சட்டவிரோதம் — திரும்பியும் பாராமல் நடந்துவிடுங்கள்.