சுருள்நாடாவும் பதிப்பறமும்



பத்தாண்டு நிறைவு விழாவில் கவிதையை விடுத்து, பழைய சுருள்நாடா ஒலிப்பதிவுக் கருவிகளைப் புதுப்பிப்பது பற்றிப் பேச எழுந்துள்ளேன். குரலைக் காப்பதும் இலக்கியப் பணியே ஆதலின் பொறுத்தருள்வீர்கள் என நம்புகிறேன்.

பழைய கருவியை மாற்றியமைப்பது பிழையன்று. நாடாப்பதிவு அவ்வாறே வளர்ந்தது. அமெரிக்கப் படையின் தகவல் தொடர்புப் பிரிவில் பணியாற்றிய ஜாக் முல்லின் என்பார், 1945-இல் ஜெர்மனியில் கிடைத்த இரண்டு மேக்னட்டோபோன் கருவிகளைப் பகுதி பகுதியாகப் பிரித்துத் தாயகத்துக்கு அனுப்பினார். அவற்றின் மின்சுற்றுகளைப் புதிதாக அமைத்து, 1946-இல் சான்பிரான்சிஸ்கோவில் இயக்கிக் காட்டினார். மறு ஆண்டில் பிங் கிராஸ்பியின் வானொலி நிகழ்ச்சி அக்கருவிகளில் பதிவாயிற்று.

சுவிட்சர்லாந்தில் உருவாகி 1967-இல் வெளிவந்த ரெவாக்ஸ் ஏ77 கருவியை இன்றும் ஆர்வலர் பலர் புதுப்பித்து வருகின்றனர். காலத்தால் கெட்ட மின்தேக்கிகளை மாற்றுகின்றனர். நாடா உரசித் தேய்ந்த காந்தத் தலையைத் தேய்த்துச் சமன்செய்கின்றனர். தலை நாடாவின் போக்குக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்றும் நோக்குகின்றனர். சற்றே சாய்ந்தாலும் உயரொலிகள் மங்கிவிடும். இவை யாவும் பழைய ஏட்டைத் தூசு தட்டி எண்ணெய் பூசிப் படிப்பது போன்ற பணிகள்.

மற்றொரு வகை மாற்றமும் உண்டு. அக்கருவியின் பொதுவகை நொடிக்கு 3¾, 7½ அங்குல வேகங்களில் ஓடும். ஒலித்தரம் நாடுவோர் அதனை 7½, 15 அங்குல வேகங்களுக்கு மாற்றி, நான்கு தடத் தலையை நீக்கி இரண்டு தடத் தலையைப் பொருத்துவர். புதிய பதிவுக்கு இது நன்று. ஆயின், 1200 அடி நாடா 15 அங்குல வேகத்தில் 16 நிமிடமே ஓடும். 3¾ அங்குல வேகத்தில் 64 நிமிடம் ஓடும். நாடாச் செலவுக்கு அஞ்சியவரும் நெடிய உரையைப் பதிந்தவரும் குறைந்த வேகத்தையே நாடினர். மேம்படுத்திய கருவியில் அவர்தம் சுருளை ஏற்றினால், குரல் இருமடங்கு விரைந்து கீச்சிடும். நான்கு தட நாடாவின் மறுபக்கமும் பதிவாகியிருப்பின், அது பின்னோக்கி உடன் ஒலிக்கும். வேகத்தைக் கணினியால் குறைத்துவிடலாம். கலந்துபோன இரு குரல்களைப் பிரிப்பது அரிது.

இன்னொன்றும் கருதத்தக்கது. 7½ அங்குல வேகத்தில், ஐரோப்பிய ஐ.இ.சி. முறையில் பதிந்த நாடாவை அமெரிக்க என்.ஏ.பி. முறைக்கு அமைத்த கருவியில் இயக்கினால், உயரொலி ஏறத்தாழ 3 டெசிபெல் குறையும். பழுது கருவியின் அமைப்பில் இருக்க, குரல் கம்மியதெனப் பாடியவரைக் குறை கூறுவோம்.

ஏட்டுப் பாடத்தைத் தம் விருப்பப்படி திருத்தி, மூல ஏட்டையும் எறிந்துவிடும் பதிப்பாசிரியரை நாம் ஏற்போமா? கருவியைத் திருத்துவோர்க்கும் அவ்வறம் பொருந்தும். மாற்றுமுன், கையிலுள்ள சுருள்கள் எவ்வேகத்தில், எத்தடத்தில் பதிந்தவை என ஆராய்க. அவற்றை முதலில் படியெடுத்து வைக்க. கழற்றிய தலையை எறியாது காக்க. செய்த மாற்றங்களை எழுதிக் கருவியுடனே இணைத்து வைக்க.

மெல்ல ஓடிய நாடாக்களில் எளியவர் குரல்கள் உறைகின்றன. மேம்பாட்டின் பெயரால் அவற்றை ஊமையாக்காதிருப்போம்.