காப்பு என்னும் சொல்



நம் குடியிருப்பில் வளரும் குழந்தைகளுக்கு அம்மை ஊசியின் பெயர் 'டீக்கா'. இந்தி மொழியில் நெற்றித் திலகத்துக்கும் அதுவே பெயர். அவர்கள் அதைக் கற்றதில் பிழையில்லை. நம் சொல்லொன்றும் அவர்கள் செவியில் விழவேண்டும் என்றே 'காப்பு' பற்றிச் சில கூற முன்வந்தோம்.

'கா' என்னும் ஓரெழுத்து வினையடியிற் பிறந்தது இச்சொல். காவலும் காத்திருத்தலும் அதன் உடன்பிறப்புக்கள். நூலின் முகப்பிற் பாடும் வணக்கம் காப்பு. மகவின் கையில் இடும் வளை காப்பு. கொங்கு நாட்டில் பொங்கலுக்கு முன்னாள் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் இறவாரத்திற் செருகுவதும் காப்புக்கட்டே. யாவும் தீங்கு வருமுன் செய்யப்படுவன. 'தடுப்பு' என்பதோ எதிரே வந்துவிட்டதை மறிப்பதாகவே எமக்குத் தோன்றுகிறது.

வருமுன் காவாதவன் வாழ்வுக்கு நெருப்பின் முன் நின்ற வைக்கோற்போரை வள்ளுவர் உவமை கூறியது 'குற்றங்கடிதல்' அதிகாரத்தில். அவர் கருதியது குற்றத்தை, நோயை அன்று. ஆயினும் 1999ஆம் ஆண்டில் தமிழக அரசு தொடங்கிய மருத்துவ முகாம்களுக்கு 'வருமுன் காப்போம்' என்றே பெயர் அமைந்தது. நல்ல பெயர்!

ஆனால் இச்சொல்லே எம் இல்லத்தில் எமக்கு எதிராக நின்றது. ஒன்பது மாதம் நிறைந்த பேரனைத் தட்டம்மை ஊசிக்கு எடுத்துச் செல்லப் புறப்பட்டோம். ஊரிலிருந்து வந்திருந்த எம் அன்னையார் வாயிலை மறித்து, "கையில் வசம்புக் காப்பு இருக்கும்போது ஊசி எதற்கடா?" என்றார். நோயைப் பற்றி எவ்வளவோ எடுத்துரைத்தோம், பயனில்லை. பின்னர் அவர் தோளிலிருந்த அம்மை குத்திய தழும்பைச் சுட்டி, "இது என்ன, அம்மா?" என்றோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பெரியம்மையில் தம் தங்கை மறைந்ததையும், அதன் பின்னரே தந்தையார் தமக்கு அம்மை குத்துவித்ததையும் அன்றுதான் எங்களுக்குச் சொன்னார். இந்தியாவில் 1975ஆம் ஆண்டோடு அந்நோய் ஒழிந்தது; 1980இல் உலகமே அதினின்று விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. அத்தழும்பு மட்டும் இன்றும் அவர் தோளில் இருக்கிறது.

"அப்படியானால் இதுவும் காப்புத்தான்," என்று தாமே குழந்தையைத் தூக்கிக்கொண்டார். வசம்பைக் கழற்ற ஒப்பவில்லை, நாமும் வற்புறுத்தவில்லை. பதினாறு மாதம் நிறைந்தபின் இரண்டாம் ஊசி. நாட்காட்டியில் அந்நாளுக்கு நேரே 'காப்பு' என்று அவர் கையால் எழுதியிருக்கிறார்.