சாப்பிட்டவுடன் பிள்ளை வயிற்றைப் பிடித்தால்

(தோட்ட மாதர் கமிட்டிக் கூட்டத்தில் பாடசாலை ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



சம்பளத்தையும் நிறுவைக் கழிவையும் பேசவேண்டிய கூட்டத்தில், டீச்சர் பிள்ளையின் வயிற்றைப் பற்றிப் பேச வந்துவிட்டாரே என்று நினைப்பீர்கள். இதுவும் சம்பளக் கதைதான். பிள்ளையை டாக்டரிடம் கொண்டு போனால் அன்றைய பேர் போகிறது. பேர் போகக்கூடாதென்று இரண்டு நாள் பொறுத்தால், மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி வார்டில் பிள்ளையோடு இருக்கவேண்டி வருகிறது. அப்போது போவது ஒரு பேர் மட்டுமல்ல.

முதலாம் வகுப்பில் இதைத் தினமும் பார்க்கிறேன். இடைவேளையில் சாப்பிட்டு வந்ததும் ஒரு பிள்ளை மேசையில் தலையைச் சாய்க்கும். கேட்டால் தொப்புளைத் தொட்டுக் காட்டும். அது பள்ளிக்கூடக் கள்ளத்தனம் என்று உடனே சொல்லிவிடக்கூடாது. சின்னப் பிள்ளைக்கு வலிக்கும் இடத்தைச் சரியாகச் சொல்லத் தெரியாது. எங்கே வலித்தாலும் தொப்புளைத்தான் காட்டும். அதனால் நாங்கள்தான் கவனிக்க வேண்டும்.

மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். எந்த நேரத்தில் வலிக்கிறது? என்ன சாப்பிட்ட பிறகு வலிக்கிறது? வெளிக்கு எப்படிப் போகிறது? ஒரு வாரம் ஒரு பழைய கொப்பியில் குறித்து வைத்தால், டாக்டருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

மூன்றாவது கேள்வியை நாங்கள் கேட்பதே இல்லை. ஆனால் சாப்பிட்டவுடன் வரும் வலிக்கு மலச்சிக்கல் ஒரு பெரிய காரணம். இரைப்பையில் சாப்பாடு விழுந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்கும். அங்கே இறுகிப்போன மலம் தேங்கி நின்றால் பிள்ளைக்கு முறுக்கிப் பிடிக்கும். நம் பிள்ளைகள் காலையிலும் ரொட்டி, பகலிலும் ரொட்டி. கோதுமை மாவில் நார் குறைவு. தண்ணீரும் குறைவாகத்தான் குடிக்கிறார்கள். அதோடு, லயத்துக்குப் பொதுவான கக்கூசில் இருட்டு, தண்ணீர் இல்லை, குழி பெரிசு. பிள்ளை பயந்துபோய் அடக்கி வைக்கிறது. அடக்க அடக்க மலம் இன்னும் இறுகும்.

இதற்குக் காசு வேண்டாம். சாப்பிட்ட பிறகு ஐந்து பத்து நிமிடம் பிள்ளையை உட்கார வையுங்கள். கால் தொங்காமல் ஒரு பலகையை வையுங்கள், பக்கத்தில் நில்லுங்கள், ஏசாதீர்கள். தோட்டத்தில் காய்க்கும் பப்பாசி, வாழைப்பழம், கீரை, பருப்பு கொடுங்கள். ரொட்டி மாவில் கீரையை அரிந்து போட்டும் சுடலாம். இதற்கும் சரிவராவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். கடையில் பேதி மருந்து வாங்கிக் கொடுக்காதீர்கள்.

அடுத்தது, வெறும் வயிறு. பெரட்டுக்கு ஓடும் அவசரத்தில் பிள்ளைக்கு ஒரு கோப்பை சாயத் தண்ணியைக் கொடுத்துப் பிள்ளைக்காம்பராவில் விடுகிறோம். பத்து மணிக்குப் பசியில் அவசரமாக விழுங்கும்போது காற்றும் சேர்ந்து உள்ளே போகும். வயிறு உப்பி வலிக்கும். காலையில் கொஞ்சமாவது கட்டியாக ஏதாவது கொடுங்கள். சாப்பாட்டோடு தேத்தண்ணி கொடுக்காதீர்கள். சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள அது விடாது. உலகத்துக்கே தேயிலை கொடுக்கிறோம், ஆனால் நம் சின்னப் பிள்ளைக்கு அது வேண்டாம்.

சில பிள்ளைகளுக்குப் பால்மா கரைத்துக் குடித்தால் வயிறு பொருமி, தண்ணியாகப் போகும். அப்படியென்றால் அதைக் கொப்பியில் எழுதி மருத்துவமாதுவிடம் காட்டுங்கள். நீங்களாகவே பாலை நிறுத்திவிட வேண்டாம்.

பழுதான சாப்பாடும் காரணம். விடியற்காலை நான்கரைக்குச் செய்த தேங்காய்ச் சம்பலும் பால் விட்ட கறியும் டப்பாவில் மூடி பகல் வரை இருந்தால் கெடும். இரவில் மிஞ்சி வெளியில் இருந்த சோற்றில் உண்டாகும் ஒருவகை நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. சின்னப் பிள்ளைக்கு அதைக் கட்டிக் கொடுக்காதீர்கள்.

பூச்சியும் உண்டு. மண்ணில் கிடக்கும் பூச்சி முட்டை கை வழியாக, கழுவாத கீரை வழியாக வயிற்றுக்குள் போகிறது. பூச்சி மருந்தை எப்போது கொடுப்பது என்று கிளினிக்கில் கேளுங்கள். நகத்தை வெட்டுங்கள். கக்கூசுக்குப் போய் வந்ததும், சாப்பிடுவதற்கு முன்னும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவப் பழக்குங்கள்.

தண்ணீர். பீலித் தண்ணீர் பார்க்கக் கண்ணாடிபோல் இருக்கும். ஆனால் மேல் லயத்துக் கக்கூசைத் தாண்டியா வருகிறது, மருந்தடித்த மலையைத் தாண்டியா வருகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. நன்றாகக் கொதித்துக் குமிழி எழும்பிய பிறகு ஆறவைத்து மூடி வையுங்கள். ஆனால் கொதிக்க வைத்தால் கிருமி சாகுமே தவிர, மருந்து போகாது. மருந்து வந்த கேனைக் கழுவித் தண்ணீர் பிடிப்பதை இன்றோடு நிறுத்துங்கள்.

திருஷ்டி சுற்றிப் போடுவதை நான் தடுக்கவில்லை. அதோடு நின்றுவிடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். சாராயம், பெரியவர்களின் மாத்திரை, போன தடவை மிஞ்சிய மருந்து எதையும் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். முக்கியமாக டிஸ்பிரின் கூடவே கூடாது. வயிற்றோட்டம் என்றால் ஜீவனி கொடுங்கள். பக்கற்றில் எழுதியிருக்கும் அளவு தண்ணீரில் முழுப் பக்கற்றையும் கரைத்து, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். ஒரு நாள் கடந்தால் மிச்சத்தை ஊற்றிவிடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள்.

இனிச் சொல்வதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள். பிள்ளை பச்சையாகவோ இரத்தமாகவோ வாந்தி எடுத்தால், மலத்தில் இரத்தம் போனால், வயிறு உப்பிக் கல்லுப்போல் இருந்து தொடவிடாவிட்டால், வலி வலது பக்க அடிவயிற்றுக்கு இறங்கினால், கண் குழிவிழுந்து ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாவிட்டால், பிள்ளை சோர்ந்து எழும்பாவிட்டால் விடியும்வரை காத்திருக்கக்கூடாது. மருந்தையோ மருந்துக் கேனையோ தொட்ட பிள்ளை எச்சில் வடித்து வாந்தி எடுத்தாலும் அப்படித்தான். 1990 சுவசெரிய அம்புலன்சுக்கு அழையுங்கள், அதற்குக் காசு இல்லை. தோட்ட லொறி வரும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். வலி வந்து வந்து போனாலும், பிள்ளை தூக்கத்தில் எழும்பி அழுதாலோ நிறை குறைந்தாலோ கட்டாயம் கிளினிக்குக் கொண்டு போங்கள்.

பின்னால் நிற்கும் அண்ணன்மாரே, இவ்வளவையும் அம்மாவின் தலையில் ஏற்ற நான் வரவில்லை. இரவில் தண்ணீர் கொதிக்க வைப்பதை நீங்கள் செய்யலாம். கிளினிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகலாம். மருந்தடித்த உடுப்போடு பிள்ளையைத் தூக்காதீர்கள். அந்த உடுப்பைத் தனியாகத் துவையுங்கள்.

வீட்டில் முடிந்ததைச் சொல்லிவிட்டேன். வீட்டில் முடியாததுதான் சங்கத்தின் வேலை. 1939 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டப்படி, ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய்க்கு வேலை நேரத்தில் இரண்டு இடைவேளை உண்டு. பிள்ளைக்காம்பரா இருக்கும் இடத்தில் ஒவ்வொன்றும் அரை மணித்தியாலத்துக்குக் குறையக்கூடாது. சாப்பாட்டு நேரம் இதில் சேராது. கொழுந்து குறையும் என்று யாராவது மறித்தால் சண்டை பிடிக்க வேண்டாம். திகதியையும் நேரத்தையும் எழுதித் தலைவியிடம் கொடுங்கள்.

இன்றைக்கு நான்கு கோரிக்கைகளைக் கூட்டத்தின் முன் வைக்கிறேன். ஒன்று, பிள்ளைக்காம்பராவில் கொதித்தாறிய தண்ணீர், சவர்க்காரம், சாப்பாட்டைச் சூடாக்க அடுப்பு. இரண்டு, அங்கே தண்ணீரும் வெளிச்சமும் உள்ள சின்னக் கக்கூஸ். மூன்று, பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழைத்துத் தண்ணீர்த் தாங்கியையும் பீலியின் ஊற்றையும் பரிசோதிப்பது. நான்கு, நோயான பிள்ளையைக் கொண்டு போகிறவர் துண்டு காட்டினால் அன்றைய பேரை வெட்டாமல் இருப்பது. நான்காவதை நிர்வாகம் சும்மா தராது. அதற்குத்தான் அந்தக் கொப்பி. எத்தனை பிள்ளைகளுக்கு, எத்தனை நாள், எத்தனை பேர் போனது என்று லயம் லயமாக எழுதிக் கொண்டுபோய்த் துரையின் மேசையில் வைத்தால் அதைக் கதை என்று தள்ள முடியாது.

எழுதத் தெரியாதவர்கள் கூச்சப்பட வேண்டாம். பாடசாலை விட்டதும் வாருங்கள், நான் எழுதித் தருகிறேன். அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொரு லயத்திலிருந்தும் ஒரு கொப்பி வரவேண்டும். இந்த நான்கு கோரிக்கைகளுக்கும் சம்மதம் என்றால் கையை உயர்த்துங்கள், தலைவர் அவர்கள் எண்ணிப் பதியட்டும்.