கையால் பேசிய தீவு

அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் கரையை ஒட்டி மார்த்தாஸ் வின்யார்டு என்று ஒரு தீவு. 19-ஆம் நூற்றாண்டில் அங்கே 155 பேருக்கு ஒருவர் காது கேளாதவர். நாடு முழுக்கப் பார்த்தால் ஏறத்தாழ 5,700 பேருக்கு ஒருவர்தான். இந்தக் காது கேளாமை பரம்பரையாக வந்தது. சொந்தத்துக்குள்ளேயே கல்யாணம் செய்ததில் பெருகியது.

அதனால் காது கேட்பவர்களுக்கும் சைகை மொழி தெரிந்திருந்தது. கற்றார்கள் என்று சொல்வதுகூடச் சரியில்லை. பேச்சோடு பேச்சாகப் பிள்ளைகளுக்கு அதுவும் வந்துவிடும். கடலில் காற்று குரலை அடித்துக்கொண்டு போகும், கையோ தெளிவாகத் தெரியும். மீனவர்கள் படகுக்குப் படகு கையாலேயே பேசிக்கொண்டார்கள். வகுப்பில் வாத்தியார் அந்தப் பக்கம் திரும்பியதும் அரட்டையடிக்க இதைவிட வசதி ஏது!

நோரா எலன் குரோஸ் என்ற மானுடவியலாளர் தீவின் முதியவர்களிடம் விசாரித்து 1985-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். இன்னார் எப்படி என்று கேட்டால், கைதேர்ந்த மீனவர் என்பார்கள். அவருக்குக் காது கேட்காதே என்று எடுத்துக்கொடுத்தால், கொஞ்சம் யோசித்து, ஆமாம், நீங்கள் சொன்ன பிறகுதான் ஞாபகம் வருகிறது என்பார்களாம்.

பரம்பரையாகக் காது கேளாத அந்தத் தீவினரில் கடைசி மனிதர் 1952-இல் மறைந்தார். அதற்குப் பிறகும் அங்கிருந்த பெரியவர்கள் சிலர், எல்லோருக்கும் காது கேட்கும் கூட்டத்திலேயே, பேச்சுக்கு நடுவில் தம்மை அறியாமல் கையால் பேசத் தொடங்கிவிடுவார்கள்.