பூட்டும் குழாயும் கேட்கும் கேள்வி



திண்டுக்கல்லில் நின்றுகொண்டு வடிவமைப்பைப் பற்றிப் பேசுவது, கொல்லன் தெருவில் ஊசி விற்கும் வேலை. இவ்வூர்ப் பூட்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. மாங்காய்ப் பூட்டுச் செய்பவர் எடுத்தவுடன் இரும்பைத் தொடுவதில்லை. எந்தக் கதவுக்கு, எத்தனை சாவி என்று கேட்கிறார். அதன் பிறகே லீவரை அராவுகிறார். அந்தக் கேள்விதான் வடிவமைப்பு. பட்டணத்துக் கல்லூரிகள் இன்று அதற்குப் பெரிய பெயர் சூட்டி, சமுதாயப் பிணிகளுக்கு அதுவே மருந்து என்கின்றன. எந்த அளவுக்கு மருந்து? அதைத்தான் உங்களோடு பேச விரும்புகிறேன்.

உங்கள் ஊர் அடிகுழாயை நினைத்துப் பாருங்கள். திண்டுக்கல் சமவெளி கடும்பாறை நிலம். 1960-களின் பஞ்சத்துக்குப் பிறகு இத்தகைய பாறை நிலங்களைத் துளைத்து நாடெங்கும் அடிகுழாய்கள் நடப்பட்டன. 1970-களின் நடுவில் கணக்கெடுத்தபோது, நான்கில் மூன்று பழுதாகிக் கிடந்தன! மக்கள் முரடர்கள், உடைத்துவிட்டார்கள் என்றனர் அதிகாரிகள். உண்மை வேறு. மேல்நாட்டுப் பண்ணையில் ஒரு குடும்பம் நாளைக்குச் சில வாளி இறைப்பதற்கென்று செய்த மாதிரியின் நகல்கள் அவை. இங்கோ விடியல் முதல் இருட்டும் வரை ஊரே அடித்தது. யார் அடிப்பார் என்று கேட்காமல் வார்த்த இரும்பு எத்தனை நாள் தாங்கும்?

சோலாப்பூர்ப் பகுதியில் பழுதுபார்த்தே சலித்துப்போனவர்கள் குழாயின் தலையை மாற்றிச் செய்தார்கள். அதை அடிப்படையாக வைத்து, யூனிசெப் துணையோடு உருவாயிற்று ‘இந்தியா மார்க் 2’. கோவைப் பகுதியில் சோதித்தார்கள். சென்னை ரிச்சர்ட்சன் அண்டு குருடாஸ் தொழிற்சாலை செய்து தந்தது. கைப்பிடியில் சங்கிலி, தேயாத பேரிங், சிறுவர் கல் போட முடியாத மூடிய தலை. காப்புரிமை என்று பூட்டி வைக்கவில்லை. ஆப்பிரிக்க நாடுகளும் எடுத்துக்கொண்டன. வடிவமைப்பு வென்றது, ஐயமில்லை.

ஆனால் குழாயை எந்தத் தெருவில் நடுவது? அதை எந்த வரைபடமும் சொல்லவில்லை. ஊர்த் தெருவில் நட்டால், சேரிப் பெண் குடத்தோடு எட்டி நின்றாள். குழாய் அதே குழாய்தான், தோழர்களே.

இன்னொன்று. அந்தக் குழாயின் உருளைக்குள் இருந்த வாஷர் தோலால் ஆனது. தோல் என்றதும் இவ்வூரார்க்கு நினைவு எங்கே போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பதனிடும் தொழில் பலருக்குச் சோறு போட்டது, மறுக்கவில்லை. அதன் கழிவோ சுற்றுப்புறக் கிணறுகளை உப்பாக்கியது. ‘வேலூர் குடிமக்கள் நல மன்றம்’ தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்றது; அன்றைய திண்டுக்கல் அண்ணா மாவட்டம் உள்ளிட்ட ஐந்து மாவட்டத் தோல் ஆலைகளுக்கும் தலைக்கு 10,000 ரூபாய் அபராதம் விதித்தது.

கழிவைத் தூய்மையாக்கும் வழி பொறியியலுக்குத் தெரியாததா? நன்றாகத் தெரிந்ததுதான். செலவை யார் ஏற்பது என்பதே தகராறு. அந்தத் தகராறை வடிவமைப்பாளர் தீர்க்கவில்லை. வழக்கு மன்றம் ஏறியவர்கள் தீர்வை நோக்கி இழுத்தார்கள். கெட்ட நீரை நல்ல குழாய் இன்னும் எளிதாக மேலே கொண்டுவரும், அவ்வளவுதான்!

ஆகவே பூட்டுக்காரரின் கேள்வியை நாம் கடன் வாங்குவோம். இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொள்வோம். மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்று கிராம சபை கூடும். முன்வரிசையில் உட்காருங்கள். நம் ஊர்க் குழாய்கள் எந்தெந்தத் தெருவில் உள்ளன, எந்தத் தெருவில் இல்லை, அந்த நீரைக் கடைசியாக எப்போது சோதித்தீர்கள் என்று கேளுங்கள். பதிலைத் தீர்மான ஏட்டில் எழுதச் சொல்லி, எழுதி முடிக்கும் வரை எழுந்திருக்காதீர்கள்.