தரவுத்தளப் பணியாளருக்கு மாநாடு எதற்கு?



தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இன்று கணினித் துறையில் வேலை பார்க்கிறார்கள். "உங்கள் மகனுக்கு என்ன வேலை?" என்று அக்கம்பக்கத்தார் கேட்டால், "கம்பியூட்டர் வேலை" என்பதற்கு மேல் பெற்றோருக்குச் சொல்லத் தெரிவதில்லை. அப்படிப்பட்ட பிள்ளை ஒருநாள், "விடுப்பு எடுத்துக்கொண்டு சிங்கப்பூரில் நடக்கும் மாநாட்டுக்குப் போகிறேன், செலவு என்னுடையது" என்று சொன்னால் வீட்டில் முணுமுணுப்பு எழத்தானே செய்யும்? படிப்பு முடிந்து வேலையும் கிடைத்தாகிவிட்டது. இனியும் ஒரு மண்டபத்தில் போய் உட்கார்ந்து பேச்சுக் கேட்பானேன்? அந்தக் காசுக்கு வீட்டுக்கு ஒரு சாமான் வாங்கலாமே? கேள்வி நியாயமானதுதான். தரவுத்தளம் என்னும் ஒரு தொழிலை மட்டும் எடுத்துக்கொண்டு இதற்கு விடை காண முயல்வோம்.

முதலில், தரவுத்தளம் என்றால் என்ன? தோட்ட அலுவலகத்தில் கிராணியார் எழுதிய செக்ரோலை நாம் அறிவோம். யார் பிரட்டுக்கு வந்தார், எத்தனை நாள் வேலை செய்தார், எவ்வளவு பால் கொண்டுவந்தார் என்பதெல்லாம் அதில் இருக்கும். முன்பணம் கொடுத்த கணக்கு வேறொரு புத்தகத்தில் இருக்கும். 1951இல் ஊழியர் சேமநிதி வந்த பிறகு அதற்கும் ஒரு கணக்கு சேர்ந்தது. ஒரே தொழிலாளியின் பெயர் மூன்று நான்கு இடங்களில் எழுதப்பட்டது. ஓரிடத்தில் 'முனியம்மா' என்றும் இன்னோரிடத்தில் வேறு எழுத்திலும் பதிவாகியிருந்தால், பணம் வாங்கும் நாளில் எவ்வளவு அலைச்சல்! தரவுத்தளம் என்பது இந்தப் புத்தகங்கள் அனைத்தையும் முரண்பாடின்றி ஒன்றாக வைத்திருக்கும் கணினி ஏற்பாடு. ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் படித்தாலும் எழுதினாலும் கணக்குக் குழம்பக் கூடாது. பாதி எழுதும்போது மின்சாரம் நின்றால், எழுதிய பாதியையும் நீக்கிவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். வங்கி, மருத்துவமனை, சேமநிதி எல்லாம் இதை நம்பியே நடக்கின்றன.

இதைக் காப்பவர்தான் தரவுத்தள நிபுணர். பல அலுவலகங்களில் இந்த வேலைக்கு ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். எல்லாம் ஒழுங்காக நடக்கும்வரை அவர் இருப்பதே பிறருக்குத் தெரியாது. நள்ளிரவில் வங்கி இயந்திரம் பணம் தர மறுத்தால் மட்டும் எல்லார் கண்ணும் அவர்மீது திரும்பும். அந்த நேரத்தில் பக்கத்தில் கேட்க ஆளில்லை. கருவி எப்படி இயங்க வேண்டும் என்று புத்தகம் சொல்லும். எப்படியெல்லாம் கெட்டுப்போகும் என்பதை, பட்டவர்தான் சொல்ல முடியும்.

ஓர் உண்மை நிகழ்ச்சியைப் பார்ப்போம். 2017 ஜனவரி 31ஆம் தேதி, கிட்லேப் என்னும் நிறுவனத்தில் ஒரு பணியாளர், இரண்டாம் கணினியில் அழிக்க வேண்டியதை முதன்மைக் கணினியில் அழித்துவிட்டார். சுமார் 300 கிகாபைட் தரவு நொடிகளில் போயிற்று. சரி, நகல் எடுத்து வைத்திருப்பார்களே என்று பார்த்தால், அன்றாடம் எடுக்கப்படுவதாக நம்பியிருந்த நகல் எடுக்கப்படவே இல்லை. நகலெடுக்கும் மென்பொருளின் பதிப்பு தரவுத்தளத்தின் பதிப்போடு பொருந்தாததால் அந்த வேலை தோல்வியடைந்து வந்திருக்கிறது. தோல்வியைத் தெரிவிக்கும் மின்னஞ்சலும் போய்ச்சேரவில்லை. வேறொரு காரியத்துக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் எடுத்து வைத்திருந்த நகல்தான் அவர்களைக் காப்பாற்றியது. இடைப்பட்ட ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான். இதில் நாம் பாராட்ட வேண்டியது, அந்நிறுவனம் இதை மூடி மறைக்காமல் உலகறிய எழுதி வெளியிட்டதை. எல்லா நிறுவனமும் அப்படிச் செய்வதில்லை. இத்தகைய அனுபவங்கள் பெரும்பாலும் எழுத்தில் வருவதே இல்லை. நேரில் சந்திக்கும்போது, தேநீர் வேளையில், ஊர் பேர் சொல்லாமல் சொல்லப்படுகின்றன. மாநாட்டின் முதல் பயன் அதுதான் என்று நாம் கருதுகிறோம்.

'சொற்பொழிவை வீட்டிலிருந்தே திரையில் பார்க்கலாமே' என்று சிலர் சொல்லக்கூடும். உண்மை, பார்க்கலாம். ஆனால் இந்தத் தொழிலின் வரலாறு வேறொன்றையும் காட்டுகிறது. இன்றைய தரவுத்தளங்கள் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை, ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த எட்கர் காட் என்பவர் 1970இல் வெளியிட்ட கட்டுரை. தரவுகளை எளிய அட்டவணைகளாக வைத்தால் போதும் என்பது அவர் கருத்து. கட்டுரை அச்சில் இருந்தது, யாரும் படிக்கலாம். ஆனால் அதிலிருந்த கணிதக் குறியீடுகளைக் கண்டு அதே நிறுவனத்தில் இருந்தவர்கள்கூட அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று டொனால்ட் சேம்பர்லின் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். பிறகு ஓர் ஆய்வரங்கில் காட் நேரில் விளக்கினார். பழைய முறையில் ஐந்து பக்கம் எழுத வேண்டிய வினாவை அவர் ஒரே வரியில் எழுதிக் காட்டக் கண்டு சேம்பர்லின் மனம் மாறினார். அவரும் ரேமண்ட் பாய்ஸும் சேர்ந்து ஒரு வினாமொழியை உருவாக்கினார்கள். அதுதான் இன்று உலகெங்கும் வழங்கும் எஸ்.கியு.எல்.

அந்த மொழியைப் பற்றிய கட்டுரை 1974 மே மாதம், அமெரிக்காவில் ஆன் ஆர்பர் நகரில் நடந்த கூட்டத்தில் வைக்கப்பட்டது. அதே கூட்டத்தில் காட் ஒரு பக்கமும், பழைய முறையின் தலைவரான சார்லஸ் பாக்மன் மறுபக்கமும் நின்று வாதிட்டார்கள். பாக்மன் சாமானியரல்லர், அதற்கு முந்திய ஆண்டுதான் கணினித் துறையின் உயரிய டூரிங் விருதைப் பெற்றவர். காட் அவ்விருதைப் பெற்றது 1981இல். இரு தரப்பையும் ஒரே மேடையில் கேட்ட இளைஞர்கள், எதைக் கற்றுக்கொண்டால் நாளைக்கு உதவும் என்று தாமே எடைபோட்டுப் பார்க்க முடிந்தது.

இது நமக்குப் புதிய செய்தியுமல்ல. 1925இல் தோன்றிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகம், தோட்ட நிர்வாகிகளுக்கென்றே மாநாடுகள் நடத்தியது. எந்த இனக் கன்றை நடுவது, மரத்தை எப்படிச் சீவினால் பட்டை நிலைக்கும், பால் சுரக்க எத்திப்போன் மருந்தை எவ்வளவு பூசுவது என்பவை அங்கே பேசப்பட்டன. மரத்தடியில் நின்றவர்களுக்கு முடிவுதான் உத்தரவாக வந்ததே தவிர, மண்டபத்துக்குள் இடம் கிடைக்கவில்லை. இன்று நம் பிள்ளைகளுக்கு அந்த இடம் கிடைக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பட்டணத்துப் பிள்ளைக்கு அத்தொழிலில் ஒரு சித்தப்பா இருப்பார். அப்பாவின் நண்பர் ஒருவர் இருப்பார். சந்தேகம் வந்தால் தொலைபேசியில் கேட்டுவிடுவான். லயத்திலிருந்து போன பிள்ளைக்கு அப்படி யாரும் இல்லை. 'எந்த நிறுவனத்தில் ஆள் எடுக்கிறார்கள், என் அனுபவத்துக்கு என்ன சம்பளம் கேட்கலாம்?' என்றுகூட அவன் கேட்க இடமில்லை. மாநாட்டில் நான்கு பேரைத் தெரிந்துகொண்டு வந்தால், அவர்கள்தான் அவனுக்குத் தொழில்வழி உறவு.

எல்லா மாநாடும் ஒன்றல்ல. வி.எல்.டி.பி. என்பது ஆராய்ச்சியாளர்களின் மாநாடு. 1975இல் தொடங்கிய அது, 1984லும் 2010லும் சிங்கப்பூரில் நடந்தது. பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்பவருக்கு அது பெரும் பயன் தரும். அன்றாட வேலை பார்ப்பவருக்குப் பாதி புரியாது. போஸ்ட்கிரஸ் என்னும் இலவசத் தரவுத்தளத்தைப் பயன்படுத்துவோர் 2016 மார்ச்சில் சிங்கப்பூரில் கூடினார்கள். அது வேலை பார்ப்பவர்களுக்கான கூட்டம். இன்னொரு வகையும் உண்டு. மேடைப் பேச்சு முழுவதும் விற்பனைப் பேச்சாக இருக்கும். பை நிறைய பேனாவும் சாவிக்கொத்தும் தருவார்கள். கைக்காசு போட்டு அதற்குப் போக வேண்டியதில்லை.

செலவைக் குறைக்கவும் வழி உண்டு. 2007இல் அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகரில் எஸ்.கியு.எல். சாட்டர்டே என்ற ஒருநாள் கூட்டம் தொடங்கி, பல நாடுகளுக்குப் பரவியது. பேசுபவர்கள் தொண்டர்கள், நுழைவு இலவசம், மதிய உணவுக்கு மட்டும் சிறு தொகை வாங்குவதுண்டு. சனிக்கிழமை என்பதால் விடுப்பும் வேண்டாம். அதை நடத்திவந்த பாஸ் என்னும் அமைப்பு 2021 ஜனவரியில் மூடப்பட்ட பின்னும் கூட்டங்கள் நிற்கவில்லை. பெரிய மாநாடுகள் சிலவற்றில், பேச வருபவரிடம் கட்டணம் வாங்குவதில்லை. உதவிக்கு வரும் தொண்டர்களையும் அப்படியே அனுமதிப்பதுண்டு. மலேசியாவில் பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்கள் பல, பணியாளர் பயிற்சிக்கென்று சம்பளத் தொகையில் நூற்றுக்கு ஒரு பங்கு தீர்வை செலுத்துகின்றன. எனவே பிள்ளை தன் பணத்தை எடுப்பதற்கு முன், மேலதிகாரியிடம் எழுத்து மூலம் கேட்டுப் பார்க்கட்டும். எந்தச் சொற்பொழிவு அலுவலகத்தின் எந்தத் தொல்லைக்கு உதவும் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால், மறுப்பது அவருக்குச் சற்றுக் கடினமாகும்.

போகுமுன் தன் வேலையில் தீராமல் கிடக்கும் மூன்று கேள்விகளை அவன் ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். கூச்சம் நம் பிள்ளைகளுக்குப் பெரிய தடை. பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, யாரோடும் பேசாமல் பேருந்து ஏறிவிடுவார்கள். திரும்பி வந்ததும் "என்ன வாங்கி வந்தாய்?" என்று கேட்பதற்குப் பதிலாக, அந்தத் தாளை எடுத்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். எந்தக் கேள்விக்கு விடை கிடைத்தது, யார் சொன்னார் என்று அவன் சொல்லட்டும். விஷயம் முழுவதும் விளங்காவிட்டாலும், அவன் சொல்லும் விதத்திலேயே போன பயணம் உருப்படியானதா என்று பெற்றவர்களுக்குத் தெரிந்துவிடும்.